சாரல் காலத்துக் காய்கறிப் பாத்தியில் ஓடில்லா நத்தைகள்: என்ன செய்தால் அடங்கும்?

புளியரைத் தோட்டம் | ஜூன் 21, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் சாலையில், புளியரையை ஒட்டி எங்களுக்கு இருபத்தைந்து சென்ட் நிலம் இருக்கிறது. அதில் வீட்டுத் தேவைக்கும், மிஞ்சினால் அக்கம்பக்கத்தாருக்குமாக வெண்டை, கத்தரி, தட்டைப்பயறு, தண்டங்கீரை ஆகியவற்றைப் பயிரிட்டு வருகிறேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் இந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து, முளைத்து இரண்டு இலை விட்ட பயறு நாற்றுகள் மூன்றே இரவுகளில் பாதிக்கு மேல் காணாமற் போயின. சில நாற்றுகளில் தண்டு மட்டும் நிற்கிறது. சிலவற்றில் இலையின் நடுவே ஒழுங்கற்ற பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. காலையில் பாத்தி ஓரத்துக் கல்லின் மேல் வெள்ளி நூல் போன்ற பிசுபிசுப்பான தடம் தெரிகிறது. கல்லைப் புரட்டிப் பார்த்தபோது கறுப்பாகவும் தட்டையாகவும் இருந்த, ஓடில்லாத நத்தைகள் நான்கு ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுப்புச் சாம்பல், பொடித்த முட்டைத் தோடு, சுண்ணாம்புத் தூள் ஆகிய மூன்றையும் பாத்தியைச் சுற்றிக் கோலம் போடுவதுபோலத் தூவினேன். அன்றிரவு தூறல் விழுந்தது. மறுநாள் காலை சாம்பலின் மேலேயே தடம் போயிருந்தது. அடுத்த விதைப்புக்கு முன் இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள், தாங்கள் செய்து பார்த்ததைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்குளத்து விவசாயி | ஜூன் 21, இரவு 9.15

அம்மா, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இதை ஒச்சு என்றே பலர் சொல்வார்கள். மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், தின்றது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தண்டு மண்மட்டத்தில் வெட்டப்பட்டுக் கீழே சாய்ந்து கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலையாக இருக்கலாம். செடியின் தூரில் ஓர் அங்குலம் கிளறினால், சுருண்டு படுத்திருக்கும் புழு கிடைக்கும். இலைப்புழுவாக இருந்தால் இலையின் மேல் கறுப்பு மணிபோன்ற எச்சம் இருக்கும். காய்ந்து பளபளக்கும் சளித்தடம் நத்தைக்கு மட்டுமே உரியது.

நீங்கள் சொல்லும் கறுத்த, தட்டையான உடல், நடு முதுகில் வெளிறிய கோடு ஒன்றும் இருந்தால், லேவிகாலிஸ் ஆல்டே என்னும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டில் நிலைத்துவிட்ட உயிர் அது. மற்ற ஓடில்லா நத்தைகளுக்கு உடலின் வலப்பக்கத்தில் மூச்சுத்துளை தெளிவாகத் தெரியும். இதற்கு அப்படித் தெரியாது, முதுகு முழுவதும் தோலால் போர்த்தியதுபோல இருக்கும். பகலில் வெயில் படாத ஈரமான இடுக்கில் ஒட்டிக் கிடக்கும். இருட்டிய பிறகே வெளியே வரும். ஆகவே பகலில் பாத்தியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சாரல் விட்டிருக்கும் ஓர் இரவில், ஒன்பது மணி அளவில் டார்ச்சுடன் போய், அவை எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள். முதல் நாள் எதையும் கொல்ல வேண்டியதில்லை, வழியைக் கண்டுபிடித்தால் போதும்.

சாம்பல், சுண்ணாம்பு இரண்டும் உலர்ந்திருக்கும் வரையில்தான் நத்தையின் ஈரத்தை உறிஞ்சி அதைத் தடுக்கும். நனைந்தவுடன் அவை வெறும் சேறு. முட்டைத் தோட்டை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ஆம் ஆண்டு செம்புப் பட்டை, கூர்மணல், பைன் பட்டை, கம்பளி உருண்டை, முட்டைத் தோடு ஆகிய ஐந்தையும் கீரைப் பாத்தியில் வைத்துப் பார்த்தபோது, எதையும் போடாத பாத்திக்கும் இவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. அங்கும் ஈரமான ஊர்தானே.

கம்பம் பள்ளத்தாக்கு | ஜூன் 22, காலை 6.50

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. உரக்கடையில் மெட்டால்டிஹைடு 2.5 சதவீதக் குருணை கிடைக்கிறது. மாலையில் செடிகளுக்கு இடையே சில குருணைகளைப் போட்டால், மறுநாள் காலை நத்தைகள் சளி கக்கிச் செத்துக் கிடக்கும். எங்கள் முட்டைகோஸ் வயலில் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறோம். கையால் பொறுக்குவது ஐந்து சென்ட் நிலத்துக்கு வேண்டுமானால் சரிப்படும்.

கல்குளத்து விவசாயி | ஜூன் 22, பகல் 1.30

தம்பி, அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். அந்த நஞ்சு நத்தையின் சளி சுரக்கும் அணுக்களைச் சிதைப்பதால், உடலின் நீர் முழுவதும் சளியாக வெளியேறி, நத்தை காய்ந்து சாகிறது. உங்கள் பள்ளத்தாக்கில் மறுநாள் வெயில் அடிப்பதால் அது பலிக்கிறது. புளியரையில் ஆனி ஆடிச் சாரலில், மயங்கிக் கிடக்கும் நத்தை மழையீரத்தை வாங்கித் தேறி எழுந்துவிடும், குருணையும் கரைந்துபோகும். பணமும் போய், நஞ்சும் மண்ணில் தங்கும்.

மற்றொன்று இதைவிட முக்கியமானது. அந்தக் குருணை தவிடு கலந்தது. நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும். தின்ற நாய்க்கு வலிப்பு வந்துவிடும், அதற்கென்று தனி முறிமருந்தும் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வளர்ப்பு நாய் அப்படித் துடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதன் பிறகு அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் நேரும் கேட்டைக் காட்டி, பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு திறந்தவெளியில் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டார்கள். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது இதைவிடத் தீங்கு குறைந்தது. அதைத் தின்ற நத்தை இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, மண்ணுக்குள் போய்ச் சாகும். பிணம் கண்ணில் படாததால் மருந்து பலிக்கவில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

சிற்றூர்ப்புழை | ஜூன் 23, மாலை 5.05

பாலக்காட்டுச் சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். புளியரை அக்காவிடம் ஒரு கேள்வி. நத்தைகளில் ஓடுள்ள பெரிய வகை எதையாவது பார்த்தீர்களா? கேரளத்திலிருந்து தொட்டிச்செடியோ, மண்ணோ, மரத்தடியோ அண்மையில் தோட்டத்துக்கு வந்ததா? ஆப்பிரிக்கப் பெருநத்தை எங்கள் மாவட்டத்தில் 1970-களிலிருந்தே இருக்கிறது. பின்னர் பத்தனம்திட்டை கோந்நிப் பக்கமும் பெருகியது. 1847-இல் ஒருவர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்த சில நத்தைகளிலிருந்து நாடெங்கும் கிளைத்தது அது. ஒரு தடவைக்கு நூறிலிருந்து நானூறு முட்டை வரை இடும். வறண்ட காலத்தில் ஓட்டு வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். உங்கள் ஊர் எல்லைச் சாலையில் இருப்பதால் இதைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அந்த நத்தைக்கு ஒரு கலவையைப் பரிந்துரைத்திருக்கிறது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஒரு லிட்டராகச் சுண்டவைக்க வேண்டும். 60 கிராம் துரிசை, அதாவது மயில்துத்தத்தை, வேறொரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் கலந்து வடிகட்டித் தெளிக்க வேண்டும். ஆனால் இதைக் காய்கறிப் பாத்தியில் அடிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். இவ்வளவு செறிவான துரிசு இளம் இலையைக் கருக்கிவிடும், மண்புழுவுக்கும் மீனுக்கும் ஆகாது, செம்பு மண்ணை விட்டுப் போகவும் போகாது. புறம்போக்குச் சுவர், கழிவுக் குவியல் போன்ற இடங்களில் பெருங்கூட்டமாக இருக்கும்போது மட்டுமே அதை நினைக்கலாம்.

வெறுங்கையால் எந்த நத்தையையும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் நத்தைகளின் உடலில் வளர்கிறது. அது மனிதருக்குள் போனால் மூளைச்சவ்வு அழற்சி வரும். கேரளத்திலும் அந்த நோய் பதிவாகியிருக்கிறது. ஓடில்லா நத்தையும் அதைச் சுமக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பொறுக்க அனுப்பாதீர்கள், கீரையை ஒவ்வோர் இலையாக விரித்துக் கழுவி, வேகவைத்தே உண்ணுங்கள்.

புளியரைத் தோட்டம் | ஜூன் 25, காலை 8.10

அண்ணாச்சி சொன்னபடி இரண்டு இரவுகள் போய்ப் பார்த்தேன். சிற்றூர்த் தங்கை கேட்ட ஓடுள்ள பெருநத்தை ஒன்றுகூட இல்லை. அந்த வகையில் நிம்மதி.

நான் எண்ணியிருந்தது முற்றிலும் தவறு என்று இப்போது தெரிகிறது. பாத்தியைச் சுற்றிய மண்ணில்தான் அவை இருக்கும் என்று நினைத்து, நான்கு பக்கமும் வேலி போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அவை ஒரே பக்கத்திலிருந்துதான் வருகின்றன. கிணற்றடிக்கும் பயறுப் பாத்திக்கும் இடையே, உதிர்ந்த கமுகம்பாளைகளை எரிப்பதற்காகக் குவித்து வைத்திருந்தேன். அந்தக் குவியலிலிருந்து பாத்தி வரை இரண்டு முழ அகலத்துக்குத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. முதல் இரவு 46, இரண்டாம் இரவு 39 என்று எண்ணினேன். ஒரு நத்தை போன சளித்தடத்தின் மேலேயே அடுத்ததும் போவதைக் கண்ணாரக் கண்டேன். தெற்குப் பக்கத்துக் கத்தரிப் பாத்தியில், அதே மழை, அதே மண்ணாக இருந்தும், இரண்டே இரண்டுதான்.

குவியலைக் கம்பால் புரட்டியபோது, அடிப்பாளையின் உட்குழிவில் மங்கலான கண்ணாடி மணிகள் போன்ற முட்டைகள் சரமாகச் சுருண்டு ஒட்டியிருந்தன. அதைப் பார்த்தபோது, நாமே வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறோமே என்று மனம் வருந்தியது.

வட்டவடை மேடு | ஜூன் 25, இரவு 8.30

அக்கா, அந்தப் பாளைகளை ஒரேயடியாக எரித்துவிடாதீர்கள். பெரும்பகுதியை அப்புறப்படுத்திவிட்டு நான்கைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கவிழ்த்து, பாத்தியின் ஓரத்தில் நிழலான இடத்தில் வையுங்கள். அடியில் முட்டைகோஸ் இலையோ பப்பாளித் தண்டின் துண்டோ இருக்கட்டும். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடியும்போது ஒளிய இடம் தேடும் நத்தை அதன் அடியில் போய் ஒட்டும். காலை ஏழு மணிக்குப் புரட்டினால் அத்தனையையும் குச்சியால் வாளிக்குள் தள்ளிவிடலாம். நனைத்த சணல்சாக்கும் இதற்கு உதவும். ஒருநாள் புரட்ட மறந்தால் அதுவே மறுபடியும் வீடாகிவிடும் என்பதால், தினமும் புரட்ட முடியாதவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

எங்கள் வட்டவடையில் கோஸ், காரட், பீன்ஸ், பூண்டு என்று எல்லாம் விளைகிறது. குளிரும் மூடுபனியும் இருப்பதால் சிறு சாம்பல்நிற நத்தை கோஸின் உள்ளிதழ் வரை நுழைந்துவிடும். நாங்கள் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய பலன் தந்தது, செலவே இல்லாத ஒன்று. மாலையில் பாய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றினோம். மாலையில் பாய்ச்சினால் இரவு முழுதும் மண்ணின் மேற்பரப்பு ஈரமாக இருந்து, அவை ஊர்வதற்குப் பாதை விரித்ததுபோல ஆகிவிடுகிறது. காலையில் பாய்ச்சினால் அந்திக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். சாரல் இல்லாத மாதங்களில் உங்களுக்கும் இது உதவும்.

கள் வைத்தும் பார்த்திருக்கிறோம். சிரட்டையைப் பாதி புதைத்து அதில் புளித்த கள்ளை ஊற்றினால், வாசனைக்கு வந்து விழுந்து சாகும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், வெதுவெதுப்பான அரை லிட்டர் தண்ணீரில் ஈஸ்ட், சர்க்கரை, மைதா ஆகியவற்றில் ஒவ்வொரு கரண்டி கலந்து புளிக்கவைத்தால் அதே வேலையைச் செய்யும். சிரட்டையின் விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். இல்லையென்றால் நத்தையைத் தின்னும் நல்ல தரைவண்டுகளும் உள்ளே விழுந்துவிடும்.

மூடாக்கு நண்பன் | ஜூன் 26, காலை 10.20

இந்த இழையைப் படிப்பவர்கள் மூடாக்கே, அதாவது மண்ணைச் சருகால் மூடிவைப்பதே, கெடுதல் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பத்தாண்டுகளாக மூடாக்கு போட்டு, மண்வெட்டி தொடாமல் பயிரிடுகிறேன். மண் ஈரமும் மண்புழுவும் அதனால்தான் நிலைத்திருக்கின்றன. நத்தைக்கு அஞ்சி மண்ணை மொட்டையாக விட்டால் பங்குனி வெயிலில் என்ன செய்வீர்கள்?

கல்குளத்து விவசாயி | ஜூன் 26, மாலை 6.00

உங்கள் கவலை நியாயமானது, நானும் மூடாக்கு போடுகிறவன்தான். ஆனால் மழைக்காலத்தில், நாற்று நான்கைந்து இலை விடும் வரையிலான முதல் மூன்று வாரங்களில், நான் மூடாக்கை ஒரு முழம் தள்ளியே வைக்கிறேன். நத்தை வளர்ந்த வெண்டையின் இலையில் இரண்டு ஓட்டை போட்டால் விளைச்சலுக்கு ஒன்றும் ஆகாது. முளைக்குருத்தைக் கடித்தால் செடியே இல்லை. ஆகவே நாம் காவல் காக்க வேண்டியது அந்த மூன்று வாரத்தைத்தான். தண்டு முற்றிய பிறகு, சாரலும் குறையும்போது மூடாக்கைத் தூருக்கு நெருக்கிவிடலாம். மெல்லிய காய்ந்த சருகு போதும்; பாளை, வாழைச்சருகு, தென்னை மட்டை போன்று குழிவாகப் படியும் எதையும் மழைக்காலத்தில் பாத்திக்குள் போடாதீர்கள்.

உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் பயறுப் பாத்தி ஓரத்தில் கல்லுப்பைத் தூவினார். நத்தை செத்தது, அந்த ஓரத்தில் அடுத்த இரண்டு பட்டம் எதுவும் ஒழுங்காக முளைக்கவில்லை. உப்பு வாளித் தண்ணீரில் இருக்கட்டும், மண்ணில் வேண்டாம். அந்தத் தண்ணீரையும் பாத்தியில் கொட்டாமல், தள்ளிக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு | ஜூன் 27, காலை 7.00

நாய் பற்றி அண்ணாச்சி சொன்னதைப் படித்த பிறகு, வீட்டை ஒட்டிய பகுதியில் குருணை போடுவதை நிறுத்திவிட்டேன். வயலுக்கு வாத்து விட்டுப் பார்க்கலாமா? எங்கள் பக்கம் அறுவடைக்குப் பின் வாத்துமேய்ப்பவர்கள் வருகிறார்கள்.

சிற்றூர்ப்புழை | ஜூன் 27, பகல் 12.15

வாத்து நத்தையை விரும்பித் தின்னும். ஆனால் இளநாற்றையும் மிதித்துக் கொத்திவிடும். நடுவதற்கு முன், வெற்று நிலமாக இருக்கும்போது ஒரு வாரம் விட்டுவிட்டு, நட்டபின் வெளியேற்றிவிடுவதே முறை. செம்போத்து, தேரை, மின்மினியின் புழு ஆகியவை நம் தோட்டத்திலேயே இருக்கும் நத்தைக்கொல்லிகள்; பூச்சிமருந்தை நிறுத்தினாலே அவை திரும்பிவரும்.

வெளியிலிருந்து புதிய உயிரைக் கொண்டுவந்து விடும் யோசனை மட்டும் யாருக்கும் வர வேண்டாம். ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிப்பதற்காக 1955-இல் ஹவாய்க்கும், 1977-இல் தஹீத்தியை அடுத்த மூரியா தீவுக்கும் ஒரு கொல்நத்தையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய சிறு மரநத்தைகளை வேட்டையாடித் தீர்த்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், பயிருக்கு ஒரு தீங்கும் செய்யாமல் சருகையும் பாசியையும் தின்று வாழும் நத்தைகள் எத்தனையோ இருக்கின்றன. கொல்வதற்கு முன் அது உண்மையில் நம் பாத்திக்கு வருகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

புளியரைத் தோட்டம் | ஜூலை 24, காலை 9.00

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். பாளைக் குவியலைச் சாலையோரத் தென்னந்தோப்புக்கு மாற்றினேன். முட்டைச் சரங்களை உப்புநீரில் போட்டேன். கிணற்றடிக் கல்லிடுக்கைச் சிமெண்ட் பூசி அடைத்தேன். நான்கு பாளைகளைக் கவிழ்த்து வைத்து, தினமும் காலையில் காப்பி குடிக்கும் முன்பே புரட்டினேன். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாமல் கிடைத்தன. மூன்றாம் வாரத்தில் மூன்று, நான்கு. ஈஸ்ட் சிரட்டையில் விழுந்தவை குறைவு, மழைநீர் நிறைந்து அது நீர்த்துப்போகிறது; சிரட்டையின் மேல் ஓட்டுத்துண்டைச் சாய்த்து வைத்தபின் சற்றுத் தேறியது.

இரண்டாம் விதைப்பை நேராகப் பாத்தியில் போடாமல், மேசையின் மேல் தட்டுகளில் வளர்த்து, மேசைக்கால்களைத் தண்ணீர் நிறைந்த டப்பாக்களில் நிறுத்தினேன். எறும்புக்குச் செய்வது நத்தைக்கும் பலிக்குமா என்ற ஐயம் இருந்தது. தட்டில் ஒரு நாற்றுகூடக் குறையவில்லை. நான்கு இலை விட்டபின் பாத்திக்கு மாற்றிய அறுபது பயறு நாற்றுகளில் ஐம்பத்து மூன்று நிற்கின்றன. போன ஏழில் இரண்டைச் சாய்த்தது வெட்டுப்புழு. அண்ணாச்சி சொன்ன அடையாளத்தை வைத்துத் தூரைக் கிளறி அதைப் பிடித்தேன்.

அண்ணாச்சி, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வடக்கு வேலியோரம் செண்டுமல்லி நாற்று வைத்திருக்கிறேன். நேற்றிரவு பயறுக்குப் போகாமல் ஐந்தாறு நத்தைகள் அதன் மேல் ஏறியிருந்தன. அதைப் பிடுங்கிவிடலாமா, அல்லது அவற்றை இழுத்து வைக்கும் இரையாக விட்டுவைக்கலாமா?

கல்குளத்து விவசாயி | ஜூலை 24, இரவு 8.40

விட்டுவையுங்கள் அம்மா. இளம் செண்டுமல்லி அவற்றுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடும் கையுறையோடும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இனி அதுதான். புரட்டாசிக்குள் அங்கே ஏறுவது நின்றுவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் கீரை விதைக்கலாம்.